கிருஷ்ணராசா பூட்டிய ரேடியோ

அத்தியாயம் பதினேழு

விபத்து நடந்து அன்றைக்குப் பதினோராம் நாள். லண்டன் கோலியர்ஸ் வுட் வீட்டின் சமையலறையில் நாலு பேருக்கும் தேநீர் ஊற்றியாகிவிட்டது. எடுத்துக் குடிக்கத்தான் ஒருவருக்கும் மனமில்லை.

சிவனேஸ்வரி சவ்வரிசிக் கஞ்சியைத் துழாவிக்கொண்டு நின்றாள். மகள் துஷ்யாவால் இன்னும் எதையும் சப்பிச் சாப்பிட முடியாது. இடது கன்னத்து எலும்பு உடைந்து, உள்ளே சின்னத் தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். கண்ணின் நிலைமையை இன்று பின்னேரம் பார்த்துத்தான் சொல்வார்கள்.

விபத்து நடந்த அன்று அவளைக் கல்லூரியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தவன் அண்ணன் லக்‌ஷன். காரில் சட்டலைட் ரேடியோ போய்க்கொண்டிருந்தது. போர் நடந்த வன்னியிலிருந்து வெளியேறி முகாம்களில் பதிந்தவர்களின் பெயர்களை வாசிக்கிற நேரம் அது.

"சுபாஸ்..." என்று அறிவிப்பாளர் தொடங்கியபோது கார் பல்ஹம் ரயில் பாலத்துக்குக் கீழே நுழைந்தது. ஆகாயம் மறைந்தால் அந்த ரேடியோ ஊமையாகிவிடும். தாய்மாமன் சுபாஸ்கரனின் பெயரா, வேறு யாருடையதா? துஷ்யா ரேடியோவின் பக்கம் குனிந்தாள். லக்‌ஷனும் ஒரு கணம் அதைப் பார்த்தான். முன்னால் போன வான் நின்றுவிட்டதை அவன் காணவில்லை.

அவனுக்கு நெஞ்சில் பெல்ட் இறுக்கிய கண்டல் காயம் மட்டும். துஷ்யாவின் முகம் டாஷ்போர்டில் போய் அடித்தது. மோதினால் விரிய வேண்டிய எயார்பேக் விரியவில்லை.

"அம்மா, நான் இண்டைக்கு அவைக்குப் போன் எடுத்துச் சொல்லப் போறன்," என்றான் லக்‌ஷன்.

"ஆருக்கு?"

"அம்புலன்ஸ் ஆக்களுக்கு. செப்டம்பர் ட்ரெயினிங்குக்கு நான் வரேல்ல எண்டு. நாலு மணிக்குப் பிறகுதான் அதுக்குப் பொறுப்பான மனிசி வேலைக்கு வாறவ."

சிவனேஸ்வரியின் கை நின்றது. இரண்டு வருடம் முயன்று கிடைத்த இடம் அது. கடிதம் வந்த அன்று அவள் தெருவில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் லட்டுக் கொடுத்தவள்.

"உனக்கென்ன விசரே?"

"தங்கச்சியையே பத்திரமாக் கொண்டுவந்து சேர்க்க ஏலாதவன், வருத்தக்காரரை ஏத்திக்கொண்டு ஓடுறதோ? என்ர கைக்கு இனி ஸ்டியரிங் வேண்டாம்."

"ரோட்டைப் பாத்து ஓடியிருந்தா இந்தக் கதையே இல்லை..." என்று தொடங்கியவள், பாதியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நானும் தானே ஒவ்வொரு நாளும் பேர் கேளுங்கோ, பேர் கேளுங்கோ எண்டு உங்களைப் போட்டு அரிச்சனான்."

பிறகு கணவனைப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கோவன். தகப்பன் சொன்னாக் கேப்பான்."

கிருஷ்ணராசா சப்பாத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடிந்த கயிற்றை அவிழ்த்து இன்னொரு தரம் கட்டினார்.

"எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார். "மூண்டரைக்கு நேர ஆஸ்பத்திரிக்கு வாறன்."

அவர் வேலைக்குப் போகவில்லை. சாப்பாட்டுப் பையில் சாப்பாடும் இல்லை. இரண்டு ஸ்குரூட்ரைவரும் ஒரு குறடும் இருந்தன.

*

அந்த ரேடியோ வீட்டுக்கு வந்தது மார்ச் மாதம். அவர்கள் இருக்கும் மாடி வீடு வடக்குப் பார்த்தது; சட்டலைட் இருப்பதோ தெற்குப் பக்கம். கூரையில் டிஷ் பூட்ட கவுன்சில் விடவில்லை. சிவனேஸ்வரியோ தம்பியின் செய்தி தெரியாமல் கடை கடையாகப் போய் அங்கே போகிற ரேடியோவுக்குக் காது கொடுத்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்க முடியாமல் கிருஷ்ணராசா ஜெர்மனியில் இருக்கும் பழைய கூட்டாளி ஒருவரிடம் சொல்லிக் காருக்கான சட்டலைட் ரேடியோ ஒன்றை எடுப்பித்தார். சீட்டுப் பெட்டி அளவில் ஒரு கருவி, கூரையில் காந்தத்தால் ஒட்டும் ஒரு ஏரியல், ஒரு கட்டு வயர்.

"அண்ணை, என்னட்டக் கொண்டு வாங்கோ. ஒரு மணித்தியாலத்தில பூட்டித் தாறன்," என்று ஞானரட்ணம் அப்போதே சொன்னான். மன்னார்க்காரன். பக்கத்து ஊரான மிச்சமில், கராஜ் ஒன்றின் மூலையில் கார்களுக்கு ரேடியோவும் அலாரமும் பூட்டுவதுதான் அவன் தொழில்.

"ஜெர்மனியில, ஸ்டுட்கார்ட்டில பதினாறு வருசம் மிஷினோட நிண்டவன் நான். எனக்கு ஒரு ரேடியோ பூட்டத் தெரியாதோ?" என்று கேட்டுவிட்டு வந்தார் கிருஷ்ணராசா.

பெட்டிக்குள் ஜெர்மன் மொழியில் விளக்கத்தாள் இருந்தது. தொழில் தெரிந்த ஒருவரைக் கொண்டே இதைப் பூட்டவும் என்பது அதன் முதல் வரி. வாசித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

ஒரு சனிக்கிழமை முழுக்க எடுத்தது. பின்னேரம் வாசலில் நின்ற காருக்குள்ளே தமிழ்க் குரல் கேட்டபோது சிவனேஸ்வரி அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்கு, ஓடாமல் நிற்கும் காருக்குள்ளே போர்வையைச் சுற்றிக்கொண்டு, மடியில் கொப்பியும் பேனையுமாக அவள் இருந்து கேட்டாள்.

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியத் தொடங்கியதும் அந்தச் சனிக்கிழமைதான்.

*

மோதிய காரை ஞானரட்ணம் வேலை செய்யும் கராஜின் பின்முற்றத்தில் விட்டிருந்தார்கள். முன்பக்கம் நசுங்கி, ஒரு கண் மூடியதுபோல நின்றது. இன்சூரன்ஸ் அனுப்பும் இன்ஜினியர் ஐந்து மணிக்குப் பிறகு வந்து பார்ப்பதாக அறிவித்திருந்தார்.

கிருஷ்ணராசா காரின் கதவில் கை வைத்தபோது பின்னால் ஞானரட்ணத்தின் குரல் கேட்டது.

"வருவீங்கள் எண்டு தெரியும் அண்ணை."

"சும்மா... உள்ளுக்கை பிள்ளையின்ர சாமான் ஏதும் கிடக்கோ எண்டு."

ஞானரட்ணம் அவருடைய பையைப் பார்த்தான். குறட்டின் பிடி வெளியே தெரிந்தது. அவன் பக்கத்து ஆசனக் கதவைத் திறந்து, டாஷ்போர்டின் கீழ்ப்பெட்டியை இழுத்துக் கழற்றி வெளியே வைத்தான். உள்ளே, கிருஷ்ணராசா பூட்டிய கருவிக்குப் பக்கத்தில், மஞ்சள் நிறத்தில் ஒரு பிளக் சரிந்து தொங்கியது.

"இதைக் கழட்டினது ஆர்?"

"பெட்டி உள்ள போக இடம் காணேல்ல. கை போகேல்ல. கழட்டிப்போட்டுத் திரும்பக் கொழுவினனான் தம்பி. சத்தியமாக் கொழுவினனான்."

"கொழுவேக்க 'டக்' எண்டு சத்தம் கேட்டதோ?"

கிருஷ்ணராசா தொங்கிய பிளக்கைக் குனிந்து பார்த்தார்.

"காரில மஞ்சள் வயர், மஞ்சள் பிளக் எண்டா அது எயார்பேக் அண்ணை. நாங்கள் அதில கையே வைக்க மாட்டம். வைக்கிறதெண்டாலும் பட்டரியைக் கழட்டிப்போட்டுத்தான் வைப்பம். இது அரைவாசிதான் ஏறியிருக்கு. ஒண்டு பிழைச்சா எல்லாத்தையும் நிப்பாட்டுற கார் இது. அதுதான் ரெண்டு பக்கமும் விரியேல்ல." குரலைத் தாழ்த்தினான். "விளக்கு எரிஞ்சிருக்குமே?"

"எரிஞ்சது."

"பேந்து?"

கிருஷ்ணராசா ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலை நீட்டினார். அங்கே, விளக்கு இருக்கும் இடத்தில், நகத்தளவு கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

ஞானரட்ணம் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

"ஆக்களெல்லாம் லக்‌ஷனைத்தான் சொல்லினம். கோயிலிலயும் அதுதான் கதை."

"மோதினது அவன்தானே," என்றார் கிருஷ்ணராசா. சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அவருக்கு விளங்கியது.

"ஓம். மோதினது தம்பிதான். அதை மாத்த ஏலாது. ஆனா பிள்ளையின்ர முகம் உடைஞ்சது இந்தப் பிளக்கால."

அவன் கையைத் துணியில் துடைத்தான். கோபத்தை அடக்கிக்கொண்டிருப்பது அந்தத் துடைப்பில் தெரிந்தது.

"நான் சாப்பிடப் போறன். வர அரை மணித்தியாலம் செல்லும். நீங்கள் என்ன செய்யிறீங்களோ எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

அவன் போனதும் கிருஷ்ணராசா காருக்குள் முழந்தாளிட்டார். தான் இறுக்கிய மூன்று ஸ்குரூக்களையும் கழற்றினார். கருவியை வெளியே எடுத்தார். வயர்களை வெட்டினார். ஏரியலைக் கூரையிலிருந்து பிடுங்கினார். கறுப்பு டேப்பை நகத்தால் உரித்தார்.

கடைசியாக மஞ்சள் பிளக். இரண்டு விரலால் பிடித்து ஒரு சின்ன அழுத்து.

டக்.

அவ்வளவுதான். ஒரு குழந்தையின் விரலுக்கும் அந்தப் பலம் போதும். அந்தச் சனிக்கிழமை இந்தச் சத்தம் கேட்டிருந்தால், அல்லது கேட்கவில்லையே என்று ஒரு தரம் நின்று யோசித்திருந்தால், துஷ்யாவின் முகம் முகமாக இருந்திருக்கும்.

ஆசனத்தில் அவளுடைய தலைக்கிளிப் ஒன்று கிடந்தது. அதை எடுக்க அவருக்குக் கை வரவில்லை. கீழ்ப்பெட்டியைத் திரும்பப் பூட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஞானரட்ணம் வருவதற்கு முன் முற்றத்தை விட்டு வெளியேறினார். யாராவது கூப்பிடுவார்களோ என்று நினைத்து வேகமாக நடந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை.

*

டூட்டிங் ஆஸ்பத்திரியில் கண் பகுதிக்கு முன்னால் நீல நிறக் கதிரைகள். துஷ்யா சுவரோரமாக இருந்தாள். இடது கண்ணில் மறைப்பு. கன்னம் வீங்கி மஞ்சளாகவும் ஊதாவாகவும் இருந்தது. சிவனேஸ்வரி மருந்து எடுக்கக் கீழே போயிருந்தாள்.

கிருஷ்ணராசா மகளுக்கு வலது பக்கமாகப் போய் இருந்தார். இந்தப் பதினொரு நாளும் அவர் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்.

"நோகுதோ குஞ்சு?"

"இல்லை." அவள் ஒற்றைக் கண்ணால் அவர் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். ஏரியலின் வயர் பையின் ஜிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "ரேடியோவைக் கழட்டிக்கொண்டு வந்திட்டீங்களா?"

அவர் வயரை உள்ளே தள்ளினார். "உடைஞ்ச காரில என்னத்துக்கு அது?"

"டேப்பையும் உரிச்சிட்டீங்களா அப்பா?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். துஷ்யா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். தையலால் வாய் நன்றாகத் திறக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் மெதுவாக வந்தது.

"ஏப்ரலில ஒரு நாள் அம்மாவோட காருக்குள்ள இருக்கேக்க அதைக் கண்டனான். உரிச்சுப் பாத்தன். ஒரு ஆள் இருக்கிற மாதிரி, முன்னுக்கு ஒரு பந்து மாதிரி மஞ்சளா ஒரு படம். கொம்பியூட்டரில தேடிப் பாத்தன், எயார்பேக் எண்டு போட்டிருந்தது. உங்களட்டக் கேப்பம் எண்டு இருந்தனான். நீங்கள் அண்டைக்கு அம்மாவோட சிரிச்சுக் கதைச்சுக்கொண்டிருந்தீங்கள். எத்தினை மாசத்துக்குப் பிறகு அம்மா சிரிச்சவ. பேந்து கேப்பம் எண்டு டேப்பைத் திரும்ப ஒட்டி விட்டிட்டன்."

"நீ... பதினொரு நாளும் தெரிஞ்சுகொண்டோ இருந்தனீ?"

"அண்ணா ஒவ்வொரு நாளும் என்ர கட்டிலடியில வந்து நிலத்தில இருக்கிறான். ஸ்டுட்கார்ட்டில நான் குழந்தையா இருக்கேக்க கதைக்கிற மாதிரி ஜெர்மனில 'மன்னிச்சுக்கொள், மன்னிச்சுக்கொள்' எண்டு சொல்லுறான். நான் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறன். சொன்னா உங்களைக் காட்டிக் குடுக்கிற மாதிரி. சொல்லாட்டி அவனை..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு இது ஏலாது அப்பா. முகம் நோகிறது பரவாயில்லை. இது ஏலாது."

கிருஷ்ணராசா அவளுடைய கையைப் பிடிக்கப் போனார். பிடிக்கலாமா என்ற சந்தேகத்தில் கை பாதியில் நின்றது.

"நான் அவனுக்குச் சொல்ல மாட்டன். நீங்கள்தான் சொல்லோணும்," என்றாள் துஷ்யா. "மணி நாலாகுது. இண்டைக்குப் போன் எடுக்கப் போறான்."

"டொக்டர் இன்னும் கூப்பிடேல்லையே. உன்ர கண்..."

"கண்ணை அம்மா பாப்பா. நீங்கள் போங்கோ."

*

டூட்டிங் பெருவீதியில் பஸ் நகரவில்லை. வெள்ளிக்கிழமைப் பின்னேரக் கூட்டம். இரண்டு தரிப்புகள் பார்த்துவிட்டு கிருஷ்ணராசா இறங்கி நடந்தார். பிறகு ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில், கருவிகள் இடுப்பில் மோத ஓடுகிற அந்த மனிதரை மரக்கறிக் கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாடிப்படி ஏறிக் கதவைத் திறந்தபோது லக்‌ஷன் வரவேற்பறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். போனுக்குள் மெல்லிய இசை கேட்டது. காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள்.

கிருஷ்ணராசா போனை வாங்கிக் கட் பண்ணினார்.

"அப்பா! கால் மணித்தியாலமாக் காத்துக்கொண்டு நிக்கிறன்!"

"சொல்லாதை. ஒண்டும் சொல்லாதை அவைக்கு."

"துஷ்யாவுக்கு என்ன? கண்ணுக்கு ஏதும்...?"

"இல்லை, இல்லை. இது வேற." பையைத் திறந்து கருவியை மேசையில் வைத்தார். வெட்டிய வயர்கள் அதில் தொங்கின. "எயார்பேக் என்னாலதான் விரியேல்ல."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஞானரட்ணத்திடம் போகாத கர்வம். வாசித்துவிட்டுத் திருப்பிய பக்கம். அரைவாசி ஏறிய பிளக். விளக்கை மறைத்த டேப். இன்று கழற்றியது. எதையும் விடவில்லை. பாரம் குறையும் என்று நினைத்திருந்தார். குறையவில்லை.

லக்‌ஷன் கதிரையில் இருந்து கேட்டான். முகத்தில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

"உங்களுக்கு எப்ப விளங்கினது?"

"அண்டைக்கே. எயார்பேக் விரியேல்ல எண்டு ஆஸ்பத்திரி வாசலில நீ சொன்ன உடன."

"நான் உங்களட்டக் கேட்டனான். ஏன் விரியேல்ல அப்பா எண்டு. ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு."

"என்ன சொன்னீங்கள்?"

"பழைய கார் எண்டு சொன்னன்."

"ஓம். பழைய கார்." லக்‌ஷன் எழுந்து யன்னலடிக்குப் போனான். "நான் ரேடியோவைப் பாத்தது பாத்ததுதான். அது என்ர பிழை. அதை நான் உங்களுக்குத் தர மாட்டன். ஆனா பதினொரு நாள் அப்பா... அவளின்ர முகத்தைப் பாத்து, முழுக்க நான்தான், முழுக்க நான்தான் எண்டு... நீங்கள் பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிச்சீங்கள்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பார்.

போன் அடித்தது. ஞானரட்ணம்.

"அண்ணை, இன்சூரன்ஸ் ஆள் வந்து நிக்குது. வயர் வெட்டினது புதுசாக் கிடக்கு, இதில என்ன இருந்தது எண்டு கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல?"

லக்‌ஷன் தகப்பனைத் திரும்பிப் பார்த்தான்.

"போனை அவரட்டக் குடு ஞானம்," என்றார் கிருஷ்ணராசா.

தன்னுடைய உடைந்த ஆங்கிலத்தில், இடையிடையே ஜெர்மன் சொற்களும் கலக்க, அவர் பேசினார். அந்த இடத்தில் இருந்தது ஒரு சட்டலைட் ரேடியோ. பூட்டியது நான். எயார்பேக் பிளக்கைக் கழற்றியதும் நான். விளக்கை மறைத்ததும் நான். இன்று எல்லாவற்றையும் கழற்றி, பிளக்கை ஒழுங்காகக் கொழுவிவிட்டு வந்ததும் நான்தான். என் மகனுக்கு இது எதுவும் தெரியாது.

மறுமுனையில் எழுதும் ஓசை கேட்டது. அந்த இன்ஜினியர் மரியாதையாகத்தான் பேசினார். சொன்னதற்கு நன்றி என்றார். காரில் மாற்றம் செய்ததை அறிவிக்காததால் நட்ட ஈடு கிடைப்பது சந்தேகம்தான் என்றார். பிறகு காகிதம் புரளும் சத்தம்.

"ஒரு விஷயம். இந்த இன்சூரன்ஸ் பொலிசி உங்களுடைய பெயரில் இல்லையே. திருமதி சிவனேஸ்வரி கிருஷ்ணராசா. அது யார்?"

"என்ர மனைவி."

"அப்படியென்றால் நான் அவருடன்தான் பேச வேண்டும். இந்த ரேடியோவைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் அவருக்கு என்ன தெரியும் என்று அவரே எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு முன்னால்."

கிருஷ்ணராசா போனை வைத்தார்.

"அம்மா தன்னாலதான் எண்டு நினைப்பா," என்றான் லக்‌ஷன் தாழ்ந்த குரலில். "தனக்காகத்தானே பூட்டினது எண்டு."

படிக்கட்டில் காலடிச் சத்தம். இரண்டு பேரின் சத்தம். ஒன்று மெதுவாக, கவனமாக. மற்றது இரண்டிரண்டு படியாக.

கதவைத் தள்ளிக்கொண்டு சிவனேஸ்வரி வந்தாள். பதினொரு நாளில் முதல்முறையாக அவளுடைய முகம் விரிந்திருந்தது.

"டொக்டர் கூப்பிட முதல் எங்க ஓடினனீங்கள்? நல்ல மனிசன்! கண் தப்பியிட்டுது! ஆறு மாசத்தில பார்வை முழுக்கத் திரும்புமாம். லக்‌ஷன், கேட்டியே? தங்கச்சிக்குக் கண் தப்பியிட்டுது!"

அவள் மகனைக் கட்டிக்கொண்டாள். காலையில் பேசியதற்காக அவன் தலையைத் தடவினாள். வாசலில் நின்ற துஷ்யா, தகப்பனை அந்த ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். சொல்லிவிட்டீர்களா என்று அது கேட்டது.

அவர் தலையசைத்தார். ஆனால் சொன்னது மகன் ஒருவனுக்குத்தான்.

"ஏன் எல்லாரும் பேயடிச்ச மாதிரி நிக்கிறியள்?" சிவனேஸ்வரியின் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. "ஆரும் போன் எடுத்தவையோ? சுபாஸ்கரனைப் பற்றி ஏதும்...?"

கிருஷ்ணராசா ஒரு கதிரையை அவளுக்காக இழுத்துப் போட்டார்.

"இல்லை ஈஸ்வரி," என்றார். "இது என்னைப் பற்றி. இதில இரும்."